கரண்ட் போன இடம்

சான்செஸின் உடம்பெல்லாம் பெட்ரோல். கையில் வெட்டுக்கத்தி. பாண்ட் அடிபட்டுத் தரையில் கிடக்கிறான். சட்டைக்குள் கைவிட்டு ஒரு லைட்டரை எடுத்துக் காட்டுகிறான். அந்த நொடியில் கரண்ட் போய்விட்டது.

1990 மழைக்காலம் அது. ரங்கூனில் பொட்டடாங் பக்கத்துச் சந்து ஒன்றில் எங்களுக்குத் தெரிந்த மாமா ஒருவர் வீடியோ கொட்டகை நடத்திக்கொண்டிருந்தார். முன்பக்கம் சைக்கிள் ரிப்பேர். பின்பக்கம் பாய் விரித்து, ஸ்டூல் மேல் ஒரு கலர் டிவி, பக்கத்தில் டெக். தாய்லாந்து எல்லையில் மியாவடி வழியாக கேசட் வரும். படத்துக்குக் கீழே தாய் எழுத்து ஓடும், அது எங்களில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. அதனால் என் சித்தப்பா மகன், எனக்கு ஆறு வயது மூத்தவர், டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்வார். 88 மாணவர் கிளர்ச்சிக்குப் பிறகு பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்தன. படித்துக்கொண்டிருந்தவர் படிப்பை நிறுத்திவிட்டு எங்களுக்குப் படம் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரடங்கு வேறு. இரண்டாம் ஆட்டத்துக்குப் போனால் வீடு திரும்ப முடியாது, பாயிலேயே படுத்து விடிந்ததும்தான் கிளம்பவேண்டும். அந்தப் பாயில் சாய்ந்தபடிதான் நான் 'லைசென்ஸ் டு கில்' என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தைப் பார்த்தேன்.

இந்தப் படம் லண்டனில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது 1989 ஜூன் 13-ஆம் தேதி. சரியாக ஐந்து நாள் கழித்து, ஜூன் 18 அன்று, எங்கள் நாட்டின் பெயர் பர்மாவிலிருந்து மியான்மர் ஆனது. ரங்கூன் யாங்கோன் ஆனது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் என் மனதில் இரண்டும் ஒரே நூலில் கட்டியதுபோல் கிடக்கின்றன.

அதுவரை நாங்கள் பார்த்த பாண்ட் வேறு ஆள். ரோஜர் மூர் கோட்டில் தூசி படாமல் வில்லனை முடித்துவிட்டு ஒரு பேச்சுப் பேசிவிட்டுப் போவார். இந்தப் படத்தில் பாண்டாக வரும் டிமதி டால்டனிடம் அது இல்லை. பாண்டைப் படைத்த ஃப்ளெமிங்கின் நாவல்களைத் திரும்பத் திரும்பப் படித்து, அந்தப் பக்கங்களில் இருக்கும் களைத்துப்போன, கசந்துபோன மனிதனைத்தான் அவர் நடிக்க நினைத்தார். பார்க்கும்போதே தெரியும். இங்கிலாந்தில் 15 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பார்க்கக்கூடாது என்று சான்றிதழ் வாங்கிய முதல் பாண்ட் படமும் இதுதான். எனக்கு அப்போது 16.

கதை சின்னதுதான். ஃபுளோரிடாவின் கீ வெஸ்டில் நண்பன் ஃபீலிக்ஸ் லைட்டருக்குக் கல்யாணம். தாலி கட்டப் போகிற வழியில் மாப்பிள்ளையும் தோழனும் சான்செஸ் என்கிற போதைப்பொருள் முதலாளியைப் பிடித்துவிட்டு, பாரசூட்டில் கோயில் வாசலில் வந்து இறங்குகிறார்கள். அன்றைக்கே புது ஜோடி பாண்டுக்கு ஒரு சிகரெட் லைட்டர் பரிசு தருகிறது. தட்டினால் முகத்தைச் சுடுகிற அளவுக்கு நெருப்பு வரும். எல்லோரும் சிரிக்கிறார்கள். கிளம்பும்போது மணப்பெண் டெல்லா பாண்டை வம்புக்கு இழுக்கிறாள், அடுத்தது உன் கல்யாணம்தான் என்கிற மாதிரி. அவன் முகம் மாறிவிடுகிறது. ஃபீலிக்ஸ் மனைவியிடம் சொல்கிறான்: அவனுக்கு ஒரு தடவை கல்யாணம் ஆகியிருந்தது, ரொம்ப நாளைக்கு முன்னால். 1969-இல் வந்த பாண்ட் படத்தின் முடிவில் தாலி கட்டிய அன்றே அவன் மனைவியைச் சுட்டுவிடுவார்கள். இருபது வருடத்துக் காயத்தை இந்தப் படம் ஒரே வரியில் தொட்டுவிட்டுப் போகிறது.

சான்செஸ் ஒரு அதிகாரிக்கு 20 லட்சம் டாலர் கொடுத்துத் தப்பிக்கிறான். அன்று இரவே டெல்லா கொலை. ஃபீலிக்ஸைச் சுறா இருக்கும் தொட்டியில் கயிறு கட்டி இறக்குகிறார்கள். பாதி உயிரோடு அவனை வீட்டில் கொண்டுவந்து போட்டு, மேலே ஒரு கேலிச் சீட்டு. இந்தச் சுறா விஷயம் ஃப்ளெமிங் 1954-இல் எழுதிய நாவலில் இருந்தது. படத்துக்கு வர 35 வருடம் ஆயிற்று.

பிறகு கீ வெஸ்டில் எழுத்தாளர் ஹெமிங்வேயின் வீடு. மேலதிகாரி எம் அங்கே காத்திருக்கிறார். இதை அமெரிக்கர்கள் பார்த்துக்கொள்வார்கள், உனக்கு வேறு வேலை இருக்கிறது என்கிறார். பாண்ட் ராஜினாமா என்கிறான். அப்படியென்றால் உன் கொலை செய்யும் உரிமம் ரத்து, துப்பாக்கியைக் கொடு என்கிறார். அண்ணன் இதை இரண்டே வார்த்தையில் சொன்னார்:

"லைசென்ஸைப் புடுங்கிட்டாங்கடா."

கொட்டகையில் பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். யாரோ ஒருவர் தொண்டையைச் செருமியது இன்னும் என் காதில் இருக்கிறது. லைசென்ஸ் என்கிற சொல்லை எங்கள் வீடுகளில் யாரும் சாதாரணமாகச் சொல்வதில்லை. 1964 மார்ச்சில் கடைகளை எல்லாம் அரசுடைமை ஆக்கினார்கள். மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். எங்கள் தெருவில் பாதிக் குடும்பங்கள் மெட்ராஸுக்குக் கப்பலேறின. எங்கள் தாத்தா போகவில்லை. செல்லாத கடை லைசென்ஸை நாலாக மடித்து ஓவல்டின் டப்பாவில் போட்டு, சாகும்வரை சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். மழைக்காலம் முடிந்ததும் எடுத்து வெயிலில் காயவைப்பார். நான் சின்னப் பையனாக அந்தக் காகிதத்தின் மூலையைப் பிடித்துக்கொண்டிருப்பேன், காற்றில் பறக்காமல் இருக்க. யார்மேல் அவருக்குக் கோபம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

சான்செஸ் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ராபர்ட் டாவி நடித்திருக்கிறார். பாண்ட் படத்து வில்லன்கள் உலகத்தை ஆளப் பார்ப்பார்கள். சான்செஸுக்கு அது வேண்டாம், வியாபாரம் போதும். பணத்தைவிட விசுவாசம் பெரிது என்பதுதான் அவன் வேதவாக்கு. கூட இருப்பவன் துரோகம் செய்யாதவரை அவனைத் தாங்குவான், செய்தால் முடித்துவிடுவான். எங்களுக்கு இந்த மாதிரி ஆளைப் புரியவைக்கத் தேவையே இல்லை. அப்போது ஷான் மலையில் போதைப்பொருள் முதலாளி குன்சா இருந்தார். பின்னாளில் அவர் தலைக்கு அமெரிக்கா வைத்த விலையும் 20 லட்சம் டாலர்தான். கொட்டகையில் சான்செஸைப் பார்த்ததும் இரண்டு மூன்று பேர் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். குன்சா 1996 ஜனவரியில் சரணடைந்தார். அதன் பிறகு இதே யாங்கோனில்தான் இருந்தார். 2007 அக்டோபரில் இங்கேயே இறந்தார். அவரைத் தேடி எந்த பாண்டும் வரவில்லை.

இந்தப் படத்தை வெறும் அடிதடி என்று ஒதுக்குகிறவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. அமெரிக்காவில் சுமார் 3.5 கோடி டாலர்தான் வசூல். ரொம்ப இருட்டு, ரொம்பக் கொடூரம் என்றார்கள். பிறகு வழக்கு விவகாரத்தில் ஆறு வருடம் பாண்ட் படமே வரவில்லை. டால்டனும் திரும்பி வரவில்லை. ஆனால் பழிவாங்குவது எப்படி நடக்கிறது என்பதை இந்தத் தொடரில் இவ்வளவு நேர்மையாகக் காட்டிய படம் வேறில்லை. பாண்ட் சான்செஸைத் தூரத்திலிருந்து சுடப் பார்க்கிறான், தவறிவிடுகிறது. அதன்பின் அவன் கையில் எடுக்கும் ஆயுதம் சந்தேகம். சான்செஸின் கூட்டாளி கிரெஸ்ட்டின் கப்பலில், முங்குகிறவர்களுக்கான அழுத்த அறைக்குள் சான்செஸிடம் திருடிய பணத்தைக் கொண்டுபோய் வைக்கிறான். கிரெஸ்ட் ஏமாற்றவே இல்லை, அழுது கெஞ்சுகிறான். சான்செஸ் நம்பவில்லை. அவனை அதே அறைக்குள் தள்ளி, காற்றழுத்தத்தை ஏற்றி, குழாயைக் கோடரியால் வெட்டுகிறான். பாண்ட் அன்று கிரெஸ்ட்மேல் விரல்கூட வைக்கவில்லை. விசுவாசம்தான் பெரிது என்று சொன்னவனின் வீட்டில் ஒரு விதையைப் போட்டான், அவ்வளவுதான்.

இன்னொன்று. முதல் தடவை பார்த்தபோது எனக்கு உறைக்கவில்லை, பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. பாண்டின் முயற்சி தவறிய அந்த இரவில் ஹாங்காங் போதைத் தடுப்புப் போலீஸ் இரண்டு பேர் அவனைப் பிடிக்கிறார்கள். வேஷம் போட்டு சான்செஸை நெருங்க எவ்வளவோ காலம் பாடுபட்டவர்கள். நீ வந்து எல்லாவற்றையும் கெடுத்தாய் என்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் சான்செஸின் ஆட்கள் டாங்கியோடு வந்து வீட்டை உடைக்கிறார்கள். ஒருவன் விஷக்குப்பியைக் கடித்துச் சாகிறான். கட்டிப்போடப்பட்டுக் கிடக்கும் பாண்டைப் பார்த்து, இவன் நம் ஆள் என்று சான்செஸ் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்ப் படுக்கவைக்கிறான். அந்த இரண்டு பேரின் சாவில்தான் அவனுக்குக் கதவு திறந்தது. படகுக்கார நண்பன் ஷார்க்கியும் செத்திருக்கிறான். யாரும் பாண்டின் எதிரிகள் இல்லை. படம் இதைக் காட்டிவிட்டு நிற்காமல் நகர்ந்துவிடுகிறது, நம்மைத்தான் விட்டுவிட்டுப் போகிறது.

இதைப் பற்றி இவ்வளவு தூரம் எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

நான் பயின்னவுங் சந்தையில் உளுந்துத் தரகு. இங்கே விளைகிற உளுந்தில் பெரும்பகுதி இந்தியாவுக்குத்தான் போகும். 2017 ஆகஸ்டில் இந்திய அரசு உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து வருடத்துக்கு 3 லட்சம் டன்தான் என்று வரம்பு போட்டது. சந்தையில் விலை கிடுகிடுவென விழுந்தது. என்னோடு கூட்டு வைத்திருந்த ஒருவரின் குடோனில் என் சரக்கு 40 டன் இருந்தது. அவர் பெயர் வேண்டாம். விலை விழுந்த பிறகு போய்க் கேட்டேன். வண்டு விழுந்துவிட்டது, கழித்துக் கொட்டிவிட்டேன், இரண்டு பேருக்கும் நஷ்டம் என்றார். வீட்டில் எனக்குச் சோறுகூடப் போட்டார் அன்று. பத்து நாள் கழித்து மூட்டை தூக்குகிற பையன் ஒருவன் ஒரு எடைச் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். என் சரக்கு, என் மூட்டைக் குறி. தேதி ஜூலை 22. விலை நன்றாக இருந்தபோதே விற்றிருக்கிறார்.

சீட்டோடு நேரே போய் அவரிடம் கேட்டிருக்கலாம். சங்கத்துப் பெரியவர்களிடம் வைத்திருக்கலாம். நான் டீக்கடைக்குப் போனேன். காலை எட்டு மணி, தரகர்கள் எல்லாம் கூடுகிற நேரம். டீ வந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன்:

"அவருக்குப் பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி குடோனைத் திறந்து மூட்டை இருக்கான்னு பாத்துக்கங்க."

பொய் இல்லை. பாண்ட் மாதிரி பணத்தைக் கொண்டுபோய் ஒளித்துவைக்கவில்லை. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் எந்தக் கடையில், எத்தனை மணிக்கு, யார் காதில் போடவேண்டும் என்று முதல் நாள் இரவே யோசித்து வைத்திருந்தேன். எங்கள் சந்தையில் காகிதம் குறைவு, வாய்ச்சொல்தான் எல்லாம். இரண்டாம் நாள் அவர் குடோன் வாசலில் நாலு பேர் நின்றார்கள். மூன்றாம் நாள் நாற்பது பேர். அவருடைய மச்சானே தன் பங்கைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார். ஒரு மாதத்தில் கடை பூட்டியாகிவிட்டது. நான் தினமும் அந்த வழியாகவே நடந்து போனேன். வேண்டுமென்றேதான் போனேன்.

ஐந்தாவது வாரம் தெரிந்தது, சித்தப்பா அவரிடம் 300 லட்சம் சாட் கொடுத்து வைத்திருந்தார் என்று. சீட்டு கிடையாது, சாட்சி கிடையாது, பழகிய பழக்கத்துக்குக் கொடுத்தது. எல்லோரும் ஓடிப்போய்க் கேட்டபோது சித்தப்பா மட்டும் போகவில்லை. கஷ்டத்தில் இருக்கிற ஆளை நாமும் நெருக்கக்கூடாது என்றாராம். கடைசியில் வந்தது 40 லட்சம். பேத்தி கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் அது.

கல்யாணம் இரண்டு வருடம் தள்ளிப்போனது. பேத்தி என்றால் யார்? எனக்குப் படம் சொன்ன அண்ணனின் மகள்.

அந்த இரவுக்குத் திரும்புகிறேன். கரண்ட் போனதும் கொட்டகை மாமா மெழுகுவத்தி ஏற்றினார். அரை மணி நேரம் பார்த்தோம், வரவில்லை. வெளியே மழை. "அப்புறம் என்னண்ணே ஆச்சு?" என்று அண்ணனைப் பிடுங்கி எடுத்தேன். அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னார்: "கொளுத்தலடா. லைட்டரைக் காட்டுறான். யார் குடுத்ததுன்னு சொல்றான். அவ்வளவுதான். மூடிப் பையில போட்டுட்டுப் போயிடுறான்." எனக்கு அது பிடித்திருந்தது. பாயில் படுத்து அதை நினைத்தபடியே தூங்கிப்போனேன். காலையில் வேறொரு ஆள் கேசட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எட்டு வருடம் அதுதான் என் முடிவு. பேசும்போதெல்லாம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். 1998-இல் ஒரு விசிடியில் பார்த்தபோதுதான் நிஜ முடிவு தெரிந்தது. ஏன் என்று தெரியவேண்டாமா என்று சான்செஸைக் கேட்டு, லைட்டரைக் காட்டி, தட்டிவிடுகிறான். ஆள் தீப்பந்தமாக ஓடி, உருண்டு கிடக்கும் டாங்கர் லாரியில் போய் விழ, மலையே வெடிக்கிறது. அந்த டாங்கர் சண்டை மெக்சிகோவில் ரூமோரோசா மலைப்பாதையில் எடுத்தது. ரெமி ஜூலியன் என்ற பிரெஞ்சு சண்டைக் கலைஞரின் குழு, அவ்வளவு பெரிய லாரியை ஒரு பக்கச் சக்கரங்களில் சாய்த்து ஓட்டியது. கணினி வித்தை இல்லாத காலம். இன்று பார்த்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். நெருப்பு அடங்கிய பிறகு பாண்ட் பாறை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான். சட்டை கிழிந்து, முகமெல்லாம் கரி. டால்டன் அங்கே ஒன்றுமே செய்வதில்லை, வெறுமனே உட்கார்ந்திருக்கிறார். படம் அங்கே முடிந்திருக்கவேண்டும். அடுத்து விருந்து, நீச்சல்குளம், ஆஸ்பத்திரியிலிருந்து ஃபீலிக்ஸ் போனில் உற்சாகமாகப் பேசுவது. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், காலை இழந்தவன். அந்தப் போன் பேச்சை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

இந்த வருடம் சித்தப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. பார்க்கப் போனபோது அண்ணனைத் தனியாக மாடிக்குக் கூப்பிட்டு டீக்கடை விஷயத்தைச் சொன்னேன். எடைச் சீட்டு, அந்த வாக்கியம், முதல் நாள் இரவு யோசித்தது எல்லாம். அவர் துணி உலர்த்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். திட்டவில்லை. "தெரியும்னு சொல்ல மாட்டேன். தெரியாதுன்னும் சொல்ல மாட்டேன்" என்றார்.

பிறகு எனக்கே ஏன் என்று தெரியாமல் அந்தப் படத்து முடிவைக் கேட்டேன். "எதுக்குண்ணே அன்னைக்கு மாத்திச் சொன்னீங்க?"

"மாத்தலையே. எனக்கே முடிவு தெரியாது. நானும் அன்னைக்குத்தானே பாத்தேன், கரண்ட் போச்சே." கொஞ்சம் பொறுத்து, "88-ல என்கூட இருந்த பையன் ஒருத்தன் போயிட்டான்ல. அப்ப எனக்கு தினமும் அதே நெனப்பு. கொளுத்துறான்னு என் வாயால சொல்ல வரலை" என்றார்.

முப்பத்தைந்து வருடமாக அவர் அந்த முடிவைப் பார்த்ததே இல்லை. அன்று சாயங்காலம் என் போனில் அந்த இடத்தை எடுத்துக் கொடுத்தேன். கரண்ட் இல்லை, இப்போதெல்லாம் நாளில் பாதி நேரம் இருப்பதில்லை. இருட்டில் அவர் முகத்தில் மட்டும் வெளிச்சம். சான்செஸ் கத்தியை ஓங்கினான். லைட்டர் வந்தது. நெருப்பு பிடித்தபோது அவர் கண்ணைச் சிமிட்டவில்லை, கடைசிவரை பார்த்தார்.

"அந்த லைட்டர் கல்யாணத்துல குடுத்ததுதானே?"

"ஆமாண்ணே."

"பொண்ணு பேரும் போட்டிருந்துச்சுல்ல."

"ஆமா."

போனைத் திருப்பிக் கொடுத்தார். உள்ளேயிருந்து சித்தப்பா தண்ணீர் கேட்டார். அண்ணன் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே படியிறங்கினார். நான் போன் வெளிச்சத்தைப் படியில் காட்டியபடி பின்னால் போனேன்.